அச்சேறும் கோடு

கோவில்பட்டியில் படம் வரையக் கற்க வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: "முகம் எப்ப சார் சொல்லித் தருவீங்க?" சாமி முகம், நடிகர் முகம், செத்துப்போன தாத்தாவின் முகம். கேட்கிற ஆள் மாறுகிறாரே தவிரக் கேள்வி மாறுவதில்லை. நான் சொல்கிற பதிலும் மாறியதில்லை. முகத்துக்கு ரொம்ப முன்னால் கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாளில் மட்டும் பழகினால் பாதிதான் வரும். அதையே ஒரு கட்டையில் செதுக்கி, மை உருட்டி, தாளில் ஒற்றி எடுத்துப் பார்க்கும்போதுதான் மீதிப் பாதி வரும். ஓவியத்தையும் அச்சையும் இரண்டு துறைகளாகப் பிரித்து, ஓவியம் தேறிய பிறகு அச்சுக்கு வா என்று சொல்வது எனக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை. எங்கள் வட்டாரத்தில் தொழில் அப்படி வளரவில்லை. இங்கே தூரிகை பிடித்த கைகளில் பெரும்பாலானவை அச்சுக்காகவே அதைப் பிடித்தவை.

அது ஏன் என்று கரிசல்காட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து. பெய்யாவிட்டால் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. காய்ந்த காற்றும் வேலை தேடிய கைகளும் இருந்த ஊர்களுக்குத் தீப்பெட்டி வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் படித்து வந்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். தீப்பெட்டி வந்தால் அதற்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகத்துக்குப் படம் போடுகிற ஆள் வேண்டும். லேபிளுக்காக வந்த இயந்திரங்கள்தான் பின்னால் பட்டாசு டப்பாவுக்கும் நோட்டு அட்டைக்கும் காலண்டருக்கும் ஓடின.

என் தலைமுறைப் பிள்ளைகளுக்கு முதல் ஓவியப் புத்தகம் அந்த லேபிள்தான். பெட்டி ஒட்டுவதற்காக வீடு வீடாகக் கட்டு வரும். 144 பெட்டி ஒரு குரோசு; குரோசுக்கு இவ்வளவு என்று கூலி. கிழங்கு மாவில் பசை காய்ச்சித் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் ஒட்டுவார்கள். இரண்டு விரல் அகலத் தாளில் புலி, சேவல், தாமரை, ஒட்டகம். மூன்று நாலு கலர்தான். சில கட்டுகளில் சேவலின் கொண்டைச் சிவப்பு கோட்டை விட்டு வெளியே போய் நிற்கும். "கலர் நகந்துருச்சு" என்று எங்கள் ஆச்சி அவற்றைத் தனியாக எடுத்து வைப்பாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் ஒரு படம் பல தடவை அடிக்கப்பட்டு ஒன்றாகிறது, ஒவ்வொரு தடவையும் அது இருந்த இடத்திலேயே வந்து உட்கார வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அச்சுக்கலையில் ரெஜிஸ்டர் என்று சொல்கிற பாடத்தை நான் அவளிடம் கேட்டேன்.

கோயில் திருவிழாக் கடைகளில் 'பெரிய எழுத்து' கதைப் புத்தகங்கள் கிடைக்கும். அவற்றில் வரும் கட்டைப் படங்களில் ராஜாவுக்கும் மந்திரிக்கும் ஒரே முகம், உடுப்பு மட்டும் வேறு. அந்தப் படங்களைச் சிலேட்டில் பார்த்து வரைந்த பையன்கள்தான் பின்னாளில் ஸ்டுடியோக்களுக்கு எடுபிடியாகப் போனோம்.

ஸ்டுடியோ என்றால் கோவில்பட்டியில் ஒரு பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். துறவு மனநிலையில் அலைந்து திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதியபடி ஊர் ஊராக வந்தவர். 1940களில் அந்தக் கம்பெனி எங்கள் ஊரில் கலைந்தது. அவர் இங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டுடியோ அப்படித்தான் பிறந்தது. டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம் என்று அவரிடம் பழகியவர்கள் ஒரு வரிசை. குருவும் சீடரும் ஒரே படத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்ட காலண்டர்கள் இன்றும் பழைய வீடுகளில் மாட்டியிருக்கின்றன. 1976இல் அவர் மறைந்தார். தென்னாட்டுப் பூஜையறைகளில் முருகனும் லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைத் தீர்மானித்ததில் இந்தச் சின்ன ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. நாடகத் திரையின் பழக்கம் அந்தப் படங்களில் அப்படியே இருக்கும். சாமி முன்னால் வந்து நேராக நம்மைப் பார்த்து நிற்கும். வெளிச்சம் முகத்தில் விழும். மலையும் குளமும் பின்னால் திரையாகத் தொங்கும்.

அவரை நேரில் அணுகிக் கற்கும் வாய்ப்பு எனக்கு இல்லை. அந்த வழியில் வந்த ஒருவரிடம்தான் சேர்ந்தேன். அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். சேர்ந்தவுடன் தூரிகை கிடைக்காது. தண்ணீர்க் கிண்ணம் மாற்றுவது, தூரிகையைக் கழுவி நுனி கூர்த்து நிறுத்துவது, அட்டை ஒட்டுவது, கட்டம் போடுவது. ஒரு சிறிய படத்தின் மேல் கட்டம் கிழித்து, அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் அட்டையில் கிழித்து, கட்டம் கட்டமாகப் பார்த்துப் பெரிதாக்கும் வேலையை மாதக்கணக்கில் செய்தேன். அந்த வேலையில் ஒரு நன்மை இருந்தது. கட்டத்துக்குள் பார்க்கும்போது அது மூக்கா, மாலையா, மயிலிறகா என்று தெரியாது. இடது மூலையில் நுழைந்து வலது பக்கம் பாதி உயரத்தில் வெளியேறும் ஒரு வளைவு, அவ்வளவுதான். பெயர் தெரியாத வளைவைத்தான் கை ஒழுங்காக வரையும். மூக்கு என்று தெரிந்துவிட்டால் கை தன் நினைவில் இருக்கிற மூக்கைப் போட்டுவிடும். இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களுக்குப் படத்தைத் தலைகீழாக வைத்து வரையச் சொல்கிறேன். காரணம் இதுதான்.

பிறகு பின்னணி. வானத்தை மேலிருந்து கீழே வெளிறவிட்டுக்கொண்டு வருவது, மேகம், மரம், மண்டபத் தூண். அதற்கப்புறம் உடுப்பு. நகை அதற்கும் அப்புறம். நெல்மணி போன்ற வெள்ளைப் புள்ளியை வைத்துத் தங்கத்தை மின்ன வைப்பது தனி வித்தை. கை, கால் பிறகு. முகம் அண்ணாச்சிக்கு மட்டும். பொறுமை இழந்து ஒருவன் கேட்டான். அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "மூஞ்சிக்கு என்னலே அவசரம்? காலு தரையில நிக்குதான்னு பாரு மொதல்ல." ஸ்தபதிகளின் தாலக் கணக்கும் அவருக்குத் தெரியும். உத்தம தசதாலத்தில் சாமியின் உயரம் 124 அங்குலம். அந்த அங்குலம் நம் அளவுகோலின் அங்குலம் இல்லை, அந்த உருவத்துக்கே உரிய அளவு. நம்மைப் போன்ற மனித உடம்பு சுமாராக ஏழரைத் தலை உயரம். சாமிக்குக் கால் நீளும், தோள் அகலும். எந்த அளவில் எதை வரைகிறோம் என்று தெரியாமல் இரண்டையும் கலந்தால் சாமியும் நிற்காது, மனிதனும் நிற்கமாட்டான்.

ஸ்டுடியோவிலிருந்து சிவகாசிக்குப் போனேன். லித்தோ அச்சகத்தில் பிளேட் ஆர்ட்டிஸ்ட் வேலை. இந்த வேலை இப்போது பூமியில் இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செனஃபெல்டர் என்ற ஜெர்மன்காரர் 1790களின் பிற்பகுதியில் கண்டுபிடித்தது கல் அச்சு. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதுதான் அதன் மொத்தத் தத்துவம். எண்ணெய்ப் பசையுள்ள மையால் வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் வரைந்து, பிசினும் துளி அமிலமும் கலந்து பூசி, ஈரப்படுத்தி, மை உருளையை ஓட்டினால் வரைந்த இடம் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் தள்ளிவிடும். நான் போனபோது கல் ஓய்ந்து துத்தநாகத் தகடு வந்துவிட்டது. பின்வாசலில் துணி துவைக்க ஒரு கனத்த கல் கிடந்தது. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுரங்கத்திலிருந்து கப்பலேறி வந்த வகைக் கல் அது. வெயிலில் அதன் மேல் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருக்கும். தகட்டில் பூசுகிற பிசின் மட்டும் எனக்குப் பழைய சொந்தம். கருவேல மரத்தில் கீறிவிட்டுப் பிசின் எடுத்துத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். அச்சகம் மூட்டையாக வாங்கிய பிசினும் அந்தக் குடும்பத்து மரத்தில் வடிந்ததுதான்.

அட்டையில் வரைந்த ஒரிஜினல் எங்கள் மேசைக்கு வரும். அதன் மேல் ஒளி ஊடுருவும் தாளைப் பரப்பி எல்லா நிற எல்லைகளையும் கோடாக எடுக்க வேண்டும். அந்தக் கோட்டுப்படத்தை எத்தனை நிறமோ அத்தனை தகடுகளில் மங்கலாகப் பதிப்பார்கள். பிறகுதான் எங்கள் வேலை. மஞ்சளுக்கு ஒரு தகடு, இளஞ்சிவப்புக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, வெளிர் நீலம், அடர் நீலம், பழுப்பு, சாம்பல், கறுப்பு. எட்டு, பத்து என்று போகும். சரஸ்வதியின் கன்னத்தைப் பார்த்து, அதில் மஞ்சள் எங்கே எவ்வளவு இருக்கிறது, சிவப்பு எங்கே தொடங்கி எங்கே மறைகிறது என்று கண்ணாலேயே பிரிக்க வேண்டும். பிரித்ததைப் பேனாவால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். வெளிச்சம் கூடும் இடத்தில் புள்ளி சிறுத்து விலகும். நிழலில் பெருத்து நெருங்கும். எல்லாத் தகட்டையும் கறுப்பு மையில்தான் வரைகிறோம். நிறம் மனசுக்குள் மட்டும்தான் இருக்கிறது. மெஷினில் ஏறி, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, கடைசி நிறம் அடித்த பிறகுதான் அந்தக் கன்னம் கன்னமா என்று தெரியும்.

ஒரு படத்தை இப்படிப் பிரித்துப் பார்க்கப் பழகியவன் அதன் பிறகு எதையும் முழுசாகப் பார்ப்பதில்லை. சாயங்கால வானத்தைப் பார்த்தால் கீழே மஞ்சள் தகடு, அதன்மேல் இளஞ்சிவப்பு, மேலே நீலம் மெல்ல இறங்குகிறது என்றுதான் கண் படிக்கும். வண்ணம் தீட்டக் கற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கல் காலத்து மூத்தவர் ஒருவர் அங்கே இருந்தார். மேசையில் அவருக்கு எப்போதும் ஒரு கண்ணாடி நிற்கும். கல்லிலிருந்து தாளுக்கு நேராக ஒற்றும்போது படம் இடவலம் மாறும். ஆகவே கல்லில் எதிராக வரைய வேண்டும். வேல் வலது கையில் வர வேண்டுமானால் கல்லில் இடது கையில் கொடுக்க வேண்டும். எழுத்தையும் அப்படியே. ஆஃப்செட்டில் தகட்டிலிருந்து ரப்பர் பிளாங்கெட்டுக்கும் அங்கிருந்து தாளுக்கும் போவதால் இரண்டு முறை திரும்பி நேராகிவிடும். எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனாலும் அவர் எங்களைக் கண்ணாடியில் பார்க்க வைப்பார். நேராகப் பார்க்கும்போது பழகிப்போன கண்ணுக்குத் தப்பித்த கோணல் எல்லாம் கண்ணாடியில் பல்லிளிக்கும். ஒரு கண் மேலே, ஒரு தோள் கீழே, கிரீடம் சாய்வு. இன்று என் வகுப்பறைச் சுவரில் ஒரு கண்ணாடி தொங்குவது அவர் கொடுத்த வழக்கம்தான்.

காலண்டர் தொழிலுக்கு நாள் கணக்கு ஆடிப்பெருக்கில் தொடங்கும். அன்றுதான் அடுத்த வருஷத்து ஆல்பங்களை வெளியிடுவார்கள். அங்கிருந்து மார்கழி வரை தூக்கம் குறைவு. நடுவில் ஐப்பசி, கார்த்திகை. எங்கள் பக்கம் மழை என்று பெய்வதே அப்போதுதான். வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கிற காற்றில் திடீரென்று ஈரம் ஏறும். தாள் ஈரத்தைக் குடித்து விரியும். நேற்று அடித்த மஞ்சளின் மேல் இன்று சிவப்பு உட்காராது. தாளை வரிசையாகத் தொங்கவிட்டு அறையின் காற்றுக்குப் பழக்கிய பிறகே மெஷினில் ஏற்றுவார்கள். ஒரு வருஷம் அடைமழையில் ஒரு லட்சுமி படத்தின் உதட்டுச் சிவப்பு மயிரிழை விலகிப்போய், அடித்த தாளெல்லாம் கழிவுக் கட்டில் போனது. யாரும் யாரையும் திட்டவில்லை. வெளியே விதைப்புக்கு ஏங்கிய காடுகளில் அந்த மழை இறங்கிக்கொண்டிருந்தது. வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு ஊரில் மானாவாரி நிலம் உண்டு.

கேமரா வந்து கலரைப் பிரிக்கத் தொடங்கியது. அப்புறம் ஸ்கேனர். மஞ்சள், மெஜந்தா, சையான், கறுப்பு என்று நாலு தகட்டில் எல்லா நிறமும் வந்துவிட்டது. பத்துத் தகடு வரைந்த கைகளுக்கு வேலை இல்லை. ரீடச்சிங் என்று சிலரை வைத்துக்கொண்டார்கள். அந்த நாலு தகட்டு முறை வேகமானது, மலிவானது. அதனால்தான் ஒரு காலண்டர் ஏழை வீட்டுக்கும் இலவசமாகப் போய்ச் சேர்ந்தது. எனக்கு அதில் மனக்குறை இல்லை. ஆனால் பழைய பத்து நிற லித்தோவையும் புதியதையும் பக்கத்தில் வைத்து லென்ஸில் பாருங்கள். புதியதில் புள்ளிகள் எல்லாம் சிப்பாய்களைப் போல வரிசை கட்டி நிற்கும். பழையதில் ஒவ்வொரு புள்ளியையும் ஒருவர் அங்கேதான் வேண்டும் என்று நினைத்து வைத்திருப்பார்.

நான் பரீட்சை எழுதி ஓவிய ஆசிரியரானேன். லோயர், ஹையர் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகள். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங். மாடல் டிராயிங் என்றால் மேசையில் ஒரு பெட்டி, ஒரு உருளை, ஒரு குடம். எத்தனையோ பேர் விழுந்த இடம் அந்தக் குடம். வாயை நீள்வட்டமாகச் சரியாகப் போடுவார்கள். அடியை மட்டும் நேர்கோட்டில் வெட்டிவிடுவார்கள். குடம் மேசையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்று அறிவு சொல்வதைக் கை கேட்டுவிடுகிறது. கண் சொல்வது வேறு. கண்மட்டத்துக்குக் கீழே போகப் போக வட்டம் திறந்துகொண்டே போகும். ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். இதைப் பலகையில் வரைந்து விளக்கினால் தலையாட்டுவார்கள், மறுபடியும் நேர்கோடு போடுவார்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றிக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, மெதுவாகக் கீழே இறக்கச் சொல்வேன். தண்ணீரின் மட்டம் கோடாக இருந்து, கீற்றாகி, வட்டமாவதைப் பார்த்த பிறகு யாரும் அந்தக் கோட்டைப் போடுவதில்லை.

லினோவைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது கொஞ்ச வருஷம் கழித்து. லினோலியம் என்பது ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் சணல் துணியில் படிய வைத்த தரைவிரிப்பு. சென்னையில் ஒரு முகாமுக்குப் போனபோது லலித் கலா அகாதெமியின் கிராஃபிக்ஸ் கூடத்தில் அதைச் செதுக்கக் கற்றேன். கோவில்பட்டியில் லினோவுக்கு எங்கே போவது? செருப்புக்கு வைக்கிற ரப்பர் ஷீட், பழைய தரைவிரிப்புத் துண்டு, எது கிடைத்தாலும் போதும் என்று தொடங்கினோம். உளிக்குப் பழைய குடைக்கம்பி. அதன் நடுவில் ஏற்கெனவே ஓடை இருக்கிறது. நுனியைச் சாய்வாக அரத்தில் தீட்டி, வேப்பங்குச்சியில் பிடி போட்டால் நல்ல உளி. நிஜ லினோ கிடைத்தபோது எங்கள் வெயில் உதவியது. குளிர் நாடுகளில் லினோவை இளக்க அடுப்பருகே வைப்பார்கள். இங்கே ஜன்னலோரம் கொஞ்ச நேரம் போதும், வெண்ணெய்ப் பதத்துக்கு வந்துவிடும்.

பள்ளிக்குப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிரெடில் அச்சகம் ஒன்று இருந்தது. அதன் உரிமையாளர் சாயங்காலங்களில் எங்களுக்குக் கதவைத் திறந்துவிடுவார். எழுத்து உயரம் 0.918 அங்குலம். லினோவை ஒட்டுப்பலகையில் ஒட்டி, கீழே அட்டை கொடுத்து அந்த உயரத்துக்குக் கொண்டுவந்தால் ஈய எழுத்தோடு சேர்த்தே பூட்டி அடிக்கலாம். பையன்கள் தங்கள் பெயரை எதிராக வெட்டி, நேராக அச்சாகி வருவதைப் பார்த்த முகங்களை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். 'ழ' திரும்பி நின்றால் எப்படி இருக்கும் என்று அதற்கு முன் அவர்கள் யோசித்ததே கிடையாது. எழுத்தை முதன்முறையாக உருவமாகப் பார்த்தார்கள். அந்த அச்சகம் பிற்பாடு மூடி, எழுத்துகள் ஈயமாக எடைக்குப் போயின.

லினோ கற்றுத்தருவது என்ன என்றால், தீர்மானம். பென்சிலில் கோடு பிடிக்கவில்லை என்றால் அழிக்கலாம், இன்னொரு கோடு பக்கத்தில் போடலாம், ஐந்தாறு கோடு போட்டு எது சரி என்று பார்க்கிறவர்களிடமே விட்டுவிடலாம். உளி அப்படி விடாது. வெட்டியது வெள்ளை, விட்டது கறுப்பு. சாம்பல் கிடையாது. ஒரு கோடு வெள்ளையாக வேண்டுமா, கறுப்பாக வேண்டுமா என்பதை உளி வைக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். வெள்ளைக் கோடு சுலபம், ஒரு கீறல். கறுப்புக் கோடு வேண்டுமானால் அதன் இரு பக்கத்தையும் அகற்றி அதை விட்டுவைக்க வேண்டும். அவ்வளவு உழைத்து விட்டுவைக்கிற கோட்டைத் தேவையில்லாத இடத்தில் யாரும் போடமாட்டார்கள். நாலு கட்டை வெட்டிய பிறகு அதே பையனின் பென்சில் படத்தைப் பாருங்கள். பிசிறுக் கோடுகள் காணாமல் போயிருக்கும்.

நந்தலால் போஸ் 1930இல் செதுக்கிய காந்தி படத்தைத்தான் எப்போதும் முதலில் காட்டுவேன். தண்டி யாத்திரை நடந்த வருஷம். கறுப்புப் பரப்பில் சில வெள்ளைக் கோடுகள். தடியூன்றி நடக்கிற ஆள். மூக்கு, காது, துண்டு, கால் எல்லாம் அந்தச் சில கோடுகளில் அடங்கிவிட்டன. மாணவர்கள் அதை எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணி முடித்ததும் தங்கள் படத்தைப் பார்த்து எந்தக் கோட்டை எடுக்கலாம் என்று தேட ஆரம்பிப்பார்கள்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பின்னாலும் என் வகுப்பில் விடியற்காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்குப் போய்விட்டு வருகிற பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளிக்கு வராமலே போனவர்கள் அதைவிட அதிகம். ஒரு பெண் பிள்ளை. மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிற வீடு. 'என் அம்மா' என்று தலைப்புக் கொடுத்தபோது மற்றவர்கள் முகத்தை வெட்டினார்கள். அவள் இரண்டு கைகளை மட்டும் எடுத்துக்கொண்டாள். கையை வரையவில்லை. கையைச் சுற்றியிருந்த குச்சி, சட்டம், தரை எல்லாவற்றையும் கறுப்பாக விட்டுக் கை இருந்த இடத்தை மொத்தமாகக் கழித்துவிட்டாள். விரல்களுக்கு நடுவே ஒரு கோடு கூட இல்லை. ஒற்றி எடுத்தபோது வெள்ளையாக இரண்டு கைகள் அவ்வளவு வேகமாக இயங்கின. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. ஆனால் கட்டையும் உளியும் கையில் இல்லாமல் பென்சிலோடு நின்றிருந்தால் அவளும் விரல் நகம் வரை வரைந்திருப்பாள் என்றே நினைக்கிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை கழுகுமலைக்குக் கூட்டிப்போவேன். ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் இருக்கும். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில், மலையை மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு வந்து பாதியில் நிறுத்தியது. விமானம் முடிந்திருக்கிறது, கீழ்ப்பகுதி இன்னும் பாறையாகவே இருக்கிறது. மத்தளம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தி அங்கே இருக்கிறார். செதுக்குக் கலையை அதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் விளக்காது. வேண்டாததை எடுத்தால் வேண்டியது மிஞ்சும். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அருகிலேயே பாறைச் சரிவில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புருவங்கள். காலையில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு பக்கம் நிழல் விழுந்து பாறையிலிருந்து எழுந்து வரும். உச்சிப்பொழுதில் எல்லாம் தட்டையாகிவிடும். காலையில் ஒரு படம், உச்சியில் அதே இடத்திலிருந்து ஒரு படம் என்று வரையச் சொல்வேன். நாம் வரைவது பொருளையா, அதன் மேல் விழுகிற வெளிச்சத்தையா என்ற விவாதம் திரும்பி வரும் பஸ்ஸில் தானாகவே நடக்கும்.

ஃப்ளெக்ஸ் வந்து சுவர் எழுதுகிறவர்களையும் பேனர் வரைகிறவர்களையும் ஒரு சில வருஷங்களில் தெருவில் விட்டது. என்னோடு கட்டம் கிழித்தவர்களில் ஒருவர் கடலைமிட்டாய்க் கடையில் கணக்கு எழுதினார். ஒருவர் ஆட்டோ ஓட்டினார். அவர்கள் கையில் இருந்த திறமை பிள்ளைகளுக்குப் போகவில்லை. இது எனக்குத் தாங்க முடியாத இழப்பு. ஓய்வுபெற்ற பிறகு வீட்டு மாடியில் சாயங்கால வகுப்பைத் தொடங்கியதற்கு இதுதான் காரணம். பள்ளிப் பிள்ளைகளோடு இப்போது பெரியவர்களும் வருகிறார்கள். ஒரு நர்ஸ், மில்லில் வேலை முடிந்து வந்த ஒருவர், பேரனைக் கூட்டிவந்து தானும் உட்கார்ந்துவிட்ட ஒரு அம்மா. எல்லார் கையிலும் போன் இருக்கிறது. போனில் இருக்கிற போட்டோவைப் பார்த்து வரைவதை நான் தொடக்கத்தில் அனுமதிப்பதில்லை. போட்டோவில் எது முக்கியம் என்பதை ஏற்கெனவே லென்ஸ் தீர்மானித்துவிட்டது. எதிரில் இருக்கிற உரலில் அதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

"வரையறதுக்கு இங்க என்ன சார் இருக்கு, ஒரே காடுதானே" என்பார்கள். கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும்போது ஒரு சதுர அடி நிலத்தின் முன்னால் உட்கார வைப்பேன். ஆழமான வெடிப்பு அகலமாகவும் கறுப்பாகவும், அதிலிருந்து பிரிகிற வெடிப்பு மெலிந்தும், அதிலிருந்து பிரிவது மயிரிழையாகவும் இருக்கும். கோட்டின் தடிமனை வைத்தே ஆழத்தைக் காட்டலாம் என்பதை அந்த மண் சொல்லித் தரும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செலவுக்குப் பயப்பட வேண்டாம். எச்பி, 2பி, 6பி பென்சில் மூன்று போதும். செய்தித்தாள் அச்சடிக்கிற மலிவுத் தாளை ரீம் கணக்கில் வாங்குங்கள். நல்ல தாளில் கை பயப்படும். மை, சிவகாசியிலோ உள்ளூர் ஆஃப்செட் அச்சகத்திலோ டப்பாவின் அடியில் மிஞ்சியதைக் கேட்டால் கொடுப்பார்கள். அதைக் கண்ணாடிப் பலகையில் உருளையால் தேயுங்கள். உருளை மெலிதாகச் சரசரக்கும் சத்தம் வந்தால் மை பதம். சத்தமில்லாமல் வழுக்கினால் மை அதிகம், நுண்கோடெல்லாம் அடைத்துவிடும். அழுத்துவதற்கு எவர்சில்வர் கரண்டியின் முதுகு. தாளுக்கு மேப்லித்தோ நன்றாக மை பிடிக்கும். பளபளக்கிற ஆர்ட் பேப்பர் கையால் ஒற்றும்போது வழுக்கும். உளி எப்போதும் உடம்புக்கு எதிர்ப்பக்கம் போகட்டும். கட்டையைப் பிடிக்கிற கை உளிக்குப் பின்னால் இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வகுப்பில் குரலை உயர்த்துவேன்.

இந்த வருஷம் எல்லாரும் சேர்ந்து ஒரு காலண்டர் செய்கிறோம். சாமி படம் இல்லை. தமிழ் மாதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு லினோ. சித்திரைக்கு வெடிப்பு, புரட்டாசிக்கு விதைப்பு, மாசிக்குப் பருத்தி எடுப்பு, பங்குனிக்குச் செண்பகவல்லி அம்மன் தேர். மில்லில் இருந்தவர் பருத்தியை எடுத்துக்கொண்டார். பஞ்சை வெள்ளையாக விடுவதா, செடியைக் கறுப்பாக விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நர்ஸ் ஐப்பசியைக் கேட்டு வாங்கினார். மழையைச் செதுக்குவது கடினம் என்று சொன்னேன். சாய்கோடு போட்டு இரண்டு கட்டை கெட்டுப்போன பிறகு, மழையை விட்டுவிட்டுக் கரிசல் ஒட்டிக் கனத்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற ஒருவரின் வெறுங்காலை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பாதத்தின் வெளிவிளிம்பு மட்டும் இன்னும் நிற்கவில்லை. வருகிற சனிக்கிழமை அதைத் திருத்தி மறுபடி ஒற்றுகிறோம். ஆடிக்குள் பன்னிரண்டும் முடிந்தாக வேண்டும். ஐப்பசியில் ஒற்றினால் தாள் விரியும்.